வியாழக்கிழமைச் சலவை

போரோஸ் நகரத்துக்கு வந்த புதிதில் சபிஹாவுக்கு இருந்த ஆசைகள் மற்றவர்களுடையதைப் போலவேதான் இருந்தன. ஒரு வேலை வேண்டும், மகள் படிக்க வேண்டும், போர் முடிந்ததும் பொஸ்னியாவுக்குத் திரும்பிவிட வேண்டும். வேலை கிடைத்தது. மகள் படித்தாள். போரும் ஒருவழியாக முடிந்தது. ஆனால் சான்ஸ்கி மோஸ்த்தில் இருந்த அவர்களுடைய வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை என்று போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு சபிஹாவுக்கு மிஞ்சிய ஆசை ஒன்றே ஒன்றுதான். கட்டடத்தின் சலவை அறைச் சுவரில் தன்னைப் பற்றி இன்னொரு சீட்டு ஒட்டப்படக் கூடாது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். சுவீடனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலு வருடம் குடியிருந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

முதல் சீட்டின் கதை இது. அகதி முகாமிலிருந்து அவர்களுக்கு முதல் மாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். துணி துவைக்க நிலவறைக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு இயந்திரங்கள், ஓர் உலர்த்தி, துணி மடிக்க நீள மேசை. கதவருகே ஒரு பலகை. ஒவ்வொரு வீட்டுக்கும் எண் பொறித்த சின்னப் பூட்டு ஒன்று உண்டு. பலகையில் நாளும் நேரமும் குறித்த ஓட்டைகளில் வேண்டியதைப் பார்த்துப் பூட்டை மாட்டிவிட்டால் அந்த நேரம் அந்த வீட்டுக்குச் சொந்தம். நாட்டின் ராஜாவே அழுக்கு மூட்டையோடு வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான். இதையெல்லாம் சபிஹா சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். உலர்த்திக்குள் ஒரு வடிகட்டி இருப்பதையும், அதில் சேரும் நூல் தூசியை அவரவர் எடுத்துப் போட வேண்டும் என்பதையும் மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் உலர்த்தியின் மேல் சாய்ந்த கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சபிஹா அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து அகராதியை வைத்துக்கொண்டு கணவன் ரஸிமோடு உட்கார்ந்து படித்தாள். 'வடிகட்டியில் தூசியை விட்டுப் போனவர் கவனத்துக்கு. உங்கள் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை!'

"இதுல எங்க அம்மா எங்க வந்தாங்க?" என்றாள் சபிஹா. அவளுடைய அம்மாவை அடக்கம் செய்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. "அவங்கள எதுக்கு இழுக்கறாங்க?"

ரஸிம் சீட்டை இன்னொரு முறை படித்தான். எதையும் கிண்டலாகவே பேசிப் பழகியவன் அவன். போரில் மிஞ்சி வந்த சாமான்களில் அதுவும் ஒன்று. "உங்கம்மா இங்க வேலை பார்த்திருந்தா வடிகட்டி மட்டுமா, இந்தப் போரோஸையே தேச்சுக் கழுவி வெயில்ல காயப் போட்டிருப்பாங்க" என்றான். "அதுக்கும் இங்க வெயில் கிடையாது."

சபிஹா சிரிக்கவில்லை. அழுதாள். காலையில் எழுந்து கீழே போய், வடிகட்டியை மட்டுமல்லாமல் தரை, மேசை, சோப்புப்பெட்டி, கதவின் கைப்பிடி வரை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வந்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இவள் வாரா வாரம் போயாக வேண்டிய பூனை.

சீட்டை எழுதியது யார் என்று தெரிய அடுத்த பெருநாள் வரை ஆனது. பெருநாளன்று பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் போகாமல் சபிஹாவுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு தட்டு நிறையப் பக்லாவாவை அடுக்கித் துணியால் மூடி, இரண்டாம் மாடியில் தனியாக இருந்த குன்னெல் என்ற அம்மாளின் வீட்டு மணியை அடித்தாள். குன்னெல் போரோஸ் துணி ஆலையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உயரமானவள், ஒல்லி, வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். கதவுச் சங்கிலியை எடுக்காமலே கதவைத் திறந்தாள்.

"ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலைங்க. எங்களுக்குப் பெருநாள். உங்களுக்குக் கொஞ்சம் இனிப்பு..."

"உங்களுக்கா?" குன்னெல் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "இங்க நான் ஒருத்திதானே நிக்கறேன்? நீன்னே சொல்லு. என் பேரு குன்னெல்."

தன் அம்மாவின் வயதாவது இருக்கும் என்று அப்போது நினைத்த ஒரு கிழவியைப் பேர் சொல்லி நீ என்று அழைக்க சபிஹாவின் நாக்கு எழவில்லை. தட்டை நீட்டினாள். சங்கிலி இருந்ததால் தட்டு உள்ளே நுழையவில்லை. குன்னெல் கதவைச் சாத்தி, சங்கிலியை எடுத்து, மறுபடி திறந்து வாங்கிக்கொண்டாள். அவளுடைய முகத்தில் கோபம் எதுவும் இல்லை. உண்மையாகவே பயந்துபோன முகம்.

"நல்ல மனசு உனக்கு. ஆனா அடுத்த தடவை வர்றதுன்னா முன்னாடி ஒரு போன் போட்டுட்டு வா. யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சேன்."

இரண்டு நாள் கழித்துத் தட்டு திரும்பி வந்தது. ஒரு பையில் போட்டு, மணி அடிக்காமல், கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். கழுவித் துடைத்த வெறும் தட்டு. கூடவே ஓர் அட்டை: 'நன்றி. மிகவும் இனிப்பாக இருந்தது.' சாய்ந்த கையெழுத்து. சபிஹா அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டாள். வடிகட்டிச் சீட்டை எழுதிய கைதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். வெறும் தட்டைத்தான் தாங்க முடியவில்லை. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது அவள் வளர்ந்த தெருவில் வாசலில் நின்று வைவதற்குச் சமம். ஒன்றும் இல்லாத வீட்டில்கூட ஒரு கை சர்க்கரையைப் போட்டுத்தான் தருவார்கள்.

"தட்டை வச்சுக்காம திருப்பிக் குடுத்தாளே, அதுக்குச் சந்தோஷப்படு" என்றான் ரஸிம்.

பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு எனக்கு என்று உட்கார வேண்டும். சபிஹா உட்கார்ந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. உருளைக்கிழங்கு வேகும் நேரமெல்லாம் சுவீடன்காரப் பெண்களைக் கவனித்துக்கொண்டே இருப்பாள். யார் எதற்கு நன்றி சொல்கிறார்கள், எத்தனை தடவை சொல்கிறார்கள், காப்பி மேசையில் கடைசி பன்னை ஏன் யாருமே எடுப்பதில்லை, அதைப் பாதியாக வெட்டி, பாதியை மறுபடி பாதியாக வெட்டி, கடைசியில் நகக்கண் அளவு துண்டு ஏன் தட்டிலேயே கிடக்கிறது என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாயிற்று. வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கதவுத் துளைவழியாகப் படிக்கட்டைப் பார்க்கிற பழக்கம் அடுத்து வந்தது. படியில் ஆள் இருந்தால் கையைக் கைப்பிடியில் வைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆள் போன பிறகுதான் வெளியே வர வேண்டும். இதை முதலில் ரஸிம் செய்து காட்டிக் கேலி செய்தான். பிறகு இருவருமே செய்தார்கள். கேலி எப்போது நின்றது என்று அவர்களுக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஸிமின் சித்தப்பா மகன் குடும்பத்தோடு திடீரென்று வந்து இறங்கினான். சபிஹா காப்பி கொடுத்தாள், சமைத்துப் போட்டாள், எல்லாம் செய்தாள். அவர்கள் செருப்பு மாட்டும்போது வாய் தவறி வந்துவிட்டது.

"வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாமே?"

அவன் மனைவி செருப்பை மாட்டாமல் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சபிஹா, உன் வீட்டுக்கு வர இப்ப விசா வாங்கணுமா?" என்றாள். அந்தப் பேச்சு போரோஸிலிருந்த பொஸ்னியர்கள் வீடுகளிலெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சபிஹாவுக்கு வருத்தம்தான். ஆனால் தான் சொன்னதில் தவறு என்ன என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

சில வருடங்கள் கழித்து அவளே ஒரு சீட்டும் எழுதினாள். யாரோ சோப்புத்தூளைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போயிருந்தார்கள். 'அடுத்தவருக்கும் மூக்கு உண்டு, கால் உண்டு, மரியாதை உண்டு' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தாள். ரஸிம் எழுந்து நின்று கையைக் கொடுத்தான். "குடியுரிமைக் காகிதம் அன்னைக்கே வந்துடுச்சு. ஆளு இன்னைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கா. வாழ்த்துகள்."

குன்னெலுக்கும் அவளுக்கும் நடந்ததை நட்பு என்று சொன்னால் குன்னெலே ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். வியாழக்கிழமை சபிஹாவுக்குப் பள்ளிக்கூட வேலை கிடையாது. வியாழன் காலை முதல் நேரம் குன்னெலுடையது. அவளுடைய பூட்டு அந்த ஓட்டையில் துருப்பிடித்துவிட்டதோ என்று தோன்றும். அடுத்த நேரத்தைச் சபிஹா எடுத்துக்கொண்டாள். ஒருத்தி கூடையோடு வெளியே வரும்போது இன்னொருத்தி கூடையோடு உள்ளே போவாள்.

"மழை விட்டுடுச்சு போல."

"சாயங்காலம் வந்துடும்."

"வரட்டும்."

இவ்வளவுதான் பேச்சு. பல வருடங்களாக இதே பேச்சு. குன்னெல் தன் போர்வைகளை மூலைக்கு மூலை பிசகாமல் மடிப்பாள்; சில நாட்களில் சபிஹாவைக் கூப்பிட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொல்வாள். இருவரும் எதிரெதிரே நின்று இழுத்து உதறி, நடுவில் கிட்டே வந்து, விரல்கள் தொடாமல் முனையை மாற்றிக்கொண்டு பின்னால் போவார்கள். ஒரு தடவை அப்படி மடித்துக்கொண்டிருக்கும்போது குன்னெல் சொன்னாள்: "உனக்குப் பின்னாடி யாரு வந்தாலும் வடிகட்டியப் பார்க்கவே வேணாம். அவ்வளவு சுத்தம்."

சபிஹா மாடிக்கு ஓடிவந்து ரஸிமிடம் சொன்னாள்.

"ஆறின சோறு" என்றான் அவன். "ஏழு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கணும்." ஆனாலும் அன்று இரவு சாப்பாட்டின்போது, ராஜா தருகிற பதக்கத்தைவிட இது கொஞ்சம் உயர்ந்ததுதான் என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

பிப்ரவரி மாதத்தில் அந்த வியாழக்கிழமை வந்தது. மகள் அம்ரா கைக்குழந்தையோடு மறுநாள் யோத்தெபொரி நகரத்திலிருந்து வருவதாக இருந்தது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு முதல் தடவையாக நாலு நாள் தங்கப் போகிறாள். துவைக்க வேண்டிய விரிப்பும் திரையும் மலைபோலக் கிடந்தன. ஒரு நேரத்தில் முடியாதே என்று யோசித்தபடி சபிஹா காலையிலேயே ஒரு நடை கீழே இறங்கிப் பார்த்தாள்.

பலகையில் குன்னெலின் பூட்டு அதன் இடத்தில் இருந்தது. அறையில் விளக்கு எரியவில்லை. இயந்திரங்களின் வாய் திறந்து, உள்ளே ஈரம் இல்லாமல் இருந்தது.

விதி எல்லோருக்கும் தெரியும். பலகையின் கீழேயே எழுதியிருக்கிறது. நேரம் தொடங்கி அரை மணிக்குள் ஆள் வராவிட்டால் அந்த நேரத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குன்னெல் நேரம் தவறி யாரும் பார்த்ததில்லை. சபிஹா மாடிக்குப் போனாள். தன் வீட்டு வாசலில் நிற்காமல் இன்னும் ஒரு மாடி ஏறினாள். வீட்டுச் செருப்போடு ஏறியதால் படியில் டப்டப் என்று சத்தம் கேட்டது.

குன்னெலின் கதவில் காலைச் செய்தித்தாள் தபால் துளையில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் செருகியிருந்தது. உள்ளே வானொலி பேசிக்கொண்டிருந்தது. குன்னெலுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் சத்தமாகவே வைத்திருப்பாள். ஆக, ஆள் உள்ளேதான் இருக்கிறாள். உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கலாம். இன்று துவைக்க மனமில்லாமல் இருக்கலாம். சபிஹாவின் கை மணிப் பொத்தான் வரை போனது. சங்கிலியும் அந்தப் பயந்த முகமும் நினைவுக்கு வந்தன. ஏன் வரலைன்னு கேட்கவா மணி அடிக்கிறது? உன் நேரம் எனக்கு வேணும்னு பிடுங்க வந்த மாதிரி இருக்காதா? முன்னாடி போன் போடவும் இல்லையே.

கையை இறக்கிக்கொண்டாள். போகிற போக்கில், பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று, செய்தித்தாளைத் துளைக்குள் தள்ளிவிட்டாள். அது உள்ளே தொப்பென்று விழுந்தது. வீட்டுச் செருப்புச் சத்தம் கேட்காமல் இருக்க நுனிக்காலில் இறங்கி வந்தாள்.

அரை மணி ஆனதும் குன்னெலின் நேரத்தை எடுத்துக்கொண்டாள். கரும்பு தின்னக் கூலியா? இரண்டு நேரமும் கையில் இருக்க, விரிப்பு, திரை, ரஸிமின் குளிர்காலச் சட்டைகள், அலமாரியில் பழுப்பேறிக் கிடந்த மேசைத் துணி வரைக்கும் துவைத்து முடித்தாள். வாயில் ஏதோ பழைய பாட்டு வந்துகொண்டிருந்தது. போகும்போது வடிகட்டியை இரண்டு தடவை துடைத்தாள்.

சாயங்காலம் அம்ராவின் படுக்கைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தபோது சன்னல் கண்ணாடியில் நீல விளக்கு சுழன்றது. சபிஹா கதவுத் துளைவழியாகப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் மெதுவாக இறங்கிப் போனார்கள். அதில் வெள்ளை முடி தெரிந்தது. அவர்கள் போனதும்தான் கதவைத் திறந்தாள். கீழ்வீட்டுக் கிழவர் சிக்ஸ்டென் படிக்கட்டில் நின்றிருந்தார்.

"குன்னெல் விழுந்துட்டா" என்றார். "இடுப்பெலும்பு போச்சு. காலைலேர்ந்து கிடந்திருக்கா. அவ அக்கா மக அக்னெத்தா வியாழக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவாளாம். யாரும் எடுக்கலைன்னதும் சாவியோட கிளம்பி வந்திருக்கா."

"எங்க விழுந்து கிடந்தா?"

"நடையிலதான். கதவுக்குப் பின்னாலேயே. துணிக்கூடைய எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருக்கா."

சபிஹா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலையில் தான் வந்து நின்றதை, செய்தித்தாளைத் தள்ளியதை, நேரத்தை எடுத்துக்கொண்டதை எல்லாம் சொன்னாள். சிக்ஸ்டென் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அரை மணி காத்திருந்தியா?"

"இருந்தேன்."

"அப்புறம் என்ன? விதிப்படிதானே எடுத்திருக்க. உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

நல்ல மனிதர்தான். ஆறுதலாகத்தான் சொன்னார். அதைவிடக் கொடுமையாக அன்று யாரும் அவளை எதுவும் சொல்லியிருக்க முடியாது. ரஸிம்கூடக் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் அம்ரா வந்தாள், குழந்தையைக் கையில் கொடுத்தாள், வாசனையாக மடித்து வைத்த விரிப்பைப் பார்த்து, "அம்மா, என்னமா துவைச்சிருக்க!" என்றாள். சபிஹாவுக்கு அந்த விரிப்பைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தன்மேல் வந்த வெட்கம் அது. சான்ஸ்கி மோஸ்த்தில் செருப்புக் கடையில் விற்பனையாளராக நின்ற சபிஹாவாக இருந்தால் மணி என்ன மணி, கதவையே உடைத்திருப்பாள். அவள் எந்தப் பேருந்தில் எந்த எல்லையில் இறங்கிப் போனாள் என்று இவளுக்குத் தெரியவில்லை.

அக்னெத்தாவிடம் கேட்டு அந்தத் துணிக்கூடையை வாங்கிக்கொண்டாள். அடுத்த வியாழக்கிழமை குன்னெலின் பூட்டு இருந்த நேரத்தில் குன்னெலின் துணிகளைத் துவைத்தாள். போர்வையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் மேசைமேல் போட்டு மடித்தாள், மூலை பிசகியது, பிரித்து மறுபடி மடித்தாள். இரவு உடைகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, போன் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

குன்னெல் படுக்கையில் பாதி சாய்ந்திருந்தாள். சபிஹாவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அதே கேள்வியைக் கேட்டாள். "ஏதாவது ஆயிடுச்சா?"

"உனக்குத்தான் ஆயிடுச்சு" என்றாள் சபிஹா. உடைகளை மேசையில் வைத்தாள். உட்காராமலே சொன்னாள்: "குன்னெல், அன்னைக்குக் காலைல நான் உன் வாசல் வரைக்கும் வந்தேன். பேப்பரை உள்ள தள்ளினது நான்தான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தரையில காதை வச்சுக் கிடந்தேன், உன் செருப்புச் சத்தம் தெரியாதா? இத்தனை வருஷமா கேக்கறேன். பேப்பர் என் தோள்மேலதான் விழுந்தது." குன்னெல் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். "வானொலில ஏதோ உருளைக்கிழங்கு நோயைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தான்."

"அப்ப நீ நெனவோடதான் இருந்தியா? கூப்பிட்டிருக்கலாமே! நான் கதவுக்கு இந்தப் பக்கம்தானே நின்னேன்?"

பொய் சொல்லத் தெரியாதவள் குன்னெல்.

"நீ மணி அடிக்கலையே" என்றாள். "நீ ஏதோ வேலையா போறன்னு நினைச்சேன். உன் மக வர்றான்னு சொல்லியிருந்த. எதுக்குத் தொந்தரவுன்னுட்டு... கொஞ்ச நேரத்துல நானே எழுந்துடலாம்னு பார்த்தேன்."

சபிஹா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முதலில் அவள் வாயில் வந்தது பொஸ்னிய மொழியில் வந்தது. அதை இங்கே எழுத முடியாது, அதில் பலருடைய அம்மாக்களும் இருந்தார்கள். அடுத்த கட்டிலில் படுத்திருந்தவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அங்க நின்னேன். நீ என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு உள்ள கிடந்த. நடுவுல ஒரு கதவு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தாப் போதும்!"

குன்னெலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இடுப்பில் வலி பிடித்து முகம் சுருங்கியது. வலி விடும் வரை சபிஹாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் விரல்கள் சபிஹாமேல் பட்டது அதுதான் முதல் தடவை.

"நேரம் வீணாகலையே?" என்று கேட்டாள் பிறகு. "கீழ இயந்திரம் ஓடற சத்தம் குழாய்வழியா கேட்டுது. யாரோ எடுத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுது."

சபிஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ வீட்டுக்கு வந்ததும் தினமும் காலைல வந்து கதவைத் தட்டுவேன்" என்றாள்.

"முன்னாடி போன் போட்டுட்டா?"

"போடாம."

குன்னெல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறாள் என்று நினைத்துச் சபிஹா சண்டைக்குத் தயாராக இருந்தாள்.

"ஏழு மணிக்கு முன்னாடி வேணாம்" என்றாள் குன்னெல்.

வசந்தத்தில் குன்னெல், நடக்கத் துணைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு தள்ளுவண்டியைப் பிடித்து நடந்தபடி வீட்டுக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் சபிஹா முதலில் ஒரு மாடி ஏறுவாள். காது மந்தமான ஆளுக்கு அந்த மணியின் கிணுகிணுப்பு எட்டாது. அதனால் கையை மடக்கித் தட்டுவாள். நன்றாகவே தட்டுவாள். தள்ளுவண்டி உருண்டு வரும் சத்தம் கேட்கும். கதவு திறக்கும். சங்கிலியை இப்போது மாட்டுவதில்லை.

"ஏதாவது ஆயிடுச்சா?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"ஒண்ணும் ஆகலை."

"சரி, வர்றேன்."

அவ்வளவுதான். சபிஹா டப்டப் என்று இறங்கிப் போய்விடுவாள். கதவுத் துளைவழியாகப் படிக்கட்டைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். யாராவது எதிரே வந்தால் வணக்கம் சொன்னாள். அவர்கள் கொஞ்சம் திடுக்கிட்டார்கள்.

இது எவ்வளவு காலம் சும்மா போகும்? மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சபிஹா கூடையோடு கீழே இறங்கியபோது சலவை அறைச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கணினியில் அடித்த சீட்டு. 'காலை வேளையில் படிக்கட்டில் கதவைத் தடதடவென்று தட்டுகிறவர் கவனத்துக்கு. இந்தக் கட்டடத்தில் மற்றவர்களும் வசிக்கிறோம்!'

சபிஹா கூடையை இறக்கி வைத்தாள். இத்தனை வருடம் எதற்குப் பயந்தாளோ அது கண்முன்னே நாலு பக்கமும் ஒட்டி நன்றாகவே நின்றது. முகம் சூடாயிற்று. பழைய பழக்கத்தில் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாராவது படித்திருப்பார்களா என்ற எண்ணம் வந்தது, எல்லோரும்தான் படித்திருப்பார்கள்.

அதன் பிறகுதான் சீட்டின் அடியில் பேனாவால் எழுதியிருந்ததைக் கவனித்தாள். சாய்ந்த கையெழுத்து. தள்ளுவண்டியோடு மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடியும் நிலவறையும் இறங்கி வந்து, சுவரில் சாய்ந்து எழுதியிருக்க வேண்டும். வரிகள் ஏறியும் இறங்கியும் கிடந்தன.

'அது என் கதவு. அவள் தட்டட்டும். குன்னெல், இரண்டாம் மாடி.'

அந்தச் சுவரில் பெயர் போட்டு ஒருவர் எழுதி அதுவரை யாரும் பார்த்ததில்லை. சபிஹா அதை இரண்டு தடவை படித்தாள். சீட்டைக் கிழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, துணிகளை இயந்திரத்துக்குள் திணித்து ஓடவிட்டாள். பிறகு மேலே ஏறிப் போய், இன்று ஏற்கெனவே ஒரு தடவை தட்டியாயிற்று என்று தெரிந்தும், இன்னொரு தடவை தட்டினாள்.